சாதுவான லாப்ரடார் குட்டியை ஷோ ரிங்கில் நடக்கப் பழக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துறுதுறு குட்டியை அடக்குவது எப்படி என்று சொல்ல ஊரெல்லாம் ஆள் இருக்கிறார்கள். "அண்ணா, எங்க குட்டி எழுந்திரிக்கவே மாட்டேங்குது, இதை எப்படி ரிங்கில் நடக்க வைக்கிறது" என்று கேட்பவர்களுக்குத்தான் பதில் கிடைப்பதில்லை. இந்தப் பக்கம் அவர்களுக்கானது. ரிங் என்பது நாய்க் கண்காட்சியில் ஜட்ஜ் முன்னால் நாயை நடத்திக் காட்டும் இடம். லாப்ரடாரை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன், ஏனென்றால் நம் ஊரில் முதல்முறை ஷோவுக்கு வருகிறவர்கள் நிறையப் பேர் கையில் அதுதான் இருக்கிறது. மற்ற இனங்களுக்கு எங்கே மாறுமோ அங்கே சொல்லியிருக்கிறேன்.

குட்டி ரொம்ப சாது. எப்போதும் படுத்தே கிடக்கிறது. இது ஷோவுக்கு ஆகுமா?

ஆகும், தாராளமாக ஆகும். ஷோ நடக்கும் இடத்தை ஒரு தடவை போய்ப் பாருங்கள். ஒலிபெருக்கி அலறும், பக்கத்துக் கூண்டில் ஜெர்மன் ஷெப்பர்ட் குரைக்கும், ஷாமியானா காற்றில் படபடக்கும், முகம் தெரியாத ஆட்கள் வந்து தலையைத் தடவுவார்கள். அந்தச் சத்தத்தில் மிரண்டு வாலை உள்ளே இழுத்துக்கொள்ளும் குட்டியை மீட்டுக் கொண்டுவருவது பெரிய வேலை. உங்கள் குட்டி அங்கேயும் ஒரு கொட்டாவி விட்டுவிட்டுப் படுத்துக்கொள்ளும் என்றால் உங்களுக்கு முக்கால்வாசி வேலை மிச்சம்.

ரிங்கில் குட்டி சுறுசுறுப்பாக இருக்க வேண்டிய நேரமும் குறைவுதான். ஜட்ஜ் ஒரு நாயைத் தனியாகப் பார்ப்பது சில நிமிடம், கூட்டத்தோடு ஒரு சுற்று, கடைசியில் வரிசையில் நிற்பது, அவ்வளவுதான். நாள் முழுக்கத் துள்ள வேண்டாம், கேட்கும்போது கொஞ்ச நேரம் விழித்துக்கொண்டால் போதும். பழக்க வேண்டியது அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான். சாதுக் குட்டியை வைத்திருப்பவர்கள் பதற்றத்தில் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள். அதிக நேரம் பழக்குகிறார்கள், அதனால் குட்டிக்குக் கயிறு என்றாலே சலிப்பு வந்துவிடுகிறது.

சாதுவா, இல்லை உடம்பு சரியில்லையா? எப்படித் தெரிந்துகொள்வது?

நடைப் பழக்கம் தொடங்கும் முன் தீர்க்க வேண்டிய கேள்வி இதுதான். குட்டிகள் ஒரு நாளில் 18 மணி நேரம்கூடத் தூங்கும், அதை நோய் என்று நினைக்காதீர்கள். ஆனால் விழித்திருக்கும் நேரத்தில் அது என்ன செய்கிறது என்று பாருங்கள். சோற்றுத் தட்டின் சத்தம் கேட்டதும் எழுந்து வருகிறதா? நீங்கள் வீட்டுக்குள் நுழைந்தால் வாலாட்டுகிறதா? பத்து நிமிடமாவது எதையாவது கடித்து விளையாடுகிறதா? ஆம் என்றால் அது சாதுவான குட்டி, கவலை வேண்டாம்.

இல்லை என்றால் டாக்டரிடம் போங்கள். நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் சாதாரணமாக வரும். சோர்வு, சாப்பாட்டில் விருப்பமின்மை, காய்ச்சல், ஈறு வெளுத்துப் போவது எல்லாம் அதன் அடையாளங்கள். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள், நல்ல இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். சில குட்டிகளுக்கு ஈறு பிறவியிலேயே கருப்பாக இருக்கும், அப்போது கீழ் இமையை இழுத்து உட்பக்கத்தைப் பாருங்கள். வயிற்றில் புழு இருந்தாலும் குட்டி மந்தமாகத்தான் இருக்கும். லாப்ரடார் மாதிரிப் பெரிய இனங்களில் ஐந்தாறு மாதத்துக்கு மேல் திடீரென நடக்க மறுப்பது, எழும்போது தடுமாறுவது, ஒரு காலைத் தாங்கித் தாங்கி வைப்பது எல்லாம் இடுப்பு மூட்டு அல்லது எலும்பு வளர்ச்சிப் பிரச்சினையாக இருக்கலாம். வலியில் இருக்கும் குட்டிக்கு நடைப் பயிற்சி கொடுப்பது கொடுமை.

இன்னொன்று, எடை. ஷோ லாப்ரடார் என்றால் கொழுகொழுவென்று இருக்க வேண்டும் என்று ஒரு நம்பிக்கை சுற்றிக்கொண்டிருக்கிறது. லாப்ரடார் வேலை செய்ய உருவான நாய். வேட்டையில் சுட்டு வீழ்த்திய பறவையைத் தண்ணீரில் நீந்திப் போய் எடுத்து வருவதுதான் அதன் தொழில். விலாவில் கை வைத்து லேசாக அழுத்தினால் எலும்பு தட்டுப்பட வேண்டும். தட்டுப்படவில்லை என்றால் நீங்கள் சாது என்று நினைப்பது வெறும் கூடுதல் எடையாகவும் இருக்கலாம்.

எந்த வயதில் தொடங்குவது? தடுப்பூசி இன்னும் முடியவில்லையே?

குட்டி வீட்டுக்கு வந்து இரண்டு மூன்று நாள் அடங்கியதும் தொடங்கலாம், 8 வாரக் குட்டிக்கே தொடங்கலாம். வீட்டுக்குள். தெருவில் இறக்க வேண்டாம், குட்டிகளுக்குக் கடுமையான கழிச்சல் நோய் தரும் பார்வோ வைரஸ் மண்ணிலேயே மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். 6 முதல் 8 வாரத்தில் தொடங்கும் தடுப்பூசித் தொடர் வழக்கமாக 16 வாரம் வரை போகும். டாக்டர் சரி என்று சொல்லும்வரை ஹால், வராந்தா, மொட்டை மாடி போதும்.

அதற்காக வீட்டுக்குள்ளேயே பூட்டியும் வைக்காதீர்கள். புது விஷயங்களைப் பயமில்லாமல் ஏற்றுக்கொள்ளும் காலம் ஏறத்தாழ மூன்று மாதத்தோடு குறைய ஆரம்பிக்கிறது. கையில் தூக்கிக்கொண்டு கடைத்தெரு, பஸ் ஸ்டாண்ட் வாசல், கோயில் மேளம் கேட்கும் தூரம் என்று காட்டுங்கள். தரையில் கால் படாமல் உலகம் பார்க்கட்டும். பத்து வாரத்தில் தூக்க முடிகிற குட்டியை நான்கு மாதத்தில் தூக்கினால் உங்கள் முதுகு போய்விடும்.

எந்தப் பட்டை, எந்தக் கயிறு? செயின் போடலாமா?

வீட்டில் பழக்கத் தொடங்கும்போது சாதாரண, இலேசான துணிப் பட்டையும் இலேசான கயிறும் போதும். இரும்புச் செயின் வேண்டாம். அதன் எடையே சாதுக் குட்டியைத் தலை குனிய வைக்கும், தலை குனிந்து நடப்பது பழகிவிட்டால் மாற்றுவது சிரமம். இழுத்தால் கழுத்தை இறுக்கும் சோக் செயினைக் குட்டிக்குத் தொடவே வேண்டாம்.

மூன்று மூன்றரை மாதம் ஆனதும் ஷோ லீட் வாங்குங்கள். பட்டையும் கயிறும் ஒன்றாகவே இருக்கும் மெல்லிய லீட் அது. லாப்ரடாருக்குக் கொஞ்சம் பட்டையான, மென்மையான துணி லீட் நல்லது. காதுக்குப் பின்னாலும் தாடைக்குக் கீழேயும் உயரத்தில் உட்கார வேண்டும், தொண்டையில் இல்லை.

ஷோ லீடைப் பழக்கத்துக்கும் ஷோவுக்கும் மட்டும் பயன்படுத்துங்கள். சாதாரண வாக்கிங்குக்கு வேறு பட்டை, வேறு கயிறு. அந்த மெல்லிய லீட் கழுத்தில் ஏறினால் ஏதோ நல்லது நடக்கப்போகிறது என்று குட்டிக்குத் தோன்ற வேண்டும். சாதுக் குட்டியை எழுப்ப இதைவிட எளிய வழி இல்லை.

கயிறு மாட்டியதும் தரையோடு தரையாகப் படுத்துவிடுகிறது. இழுத்தால் இன்னும் அழுத்தமாகப் படுக்கிறது. என்ன செய்வது?

முதலில், இழுப்பதை நிறுத்துங்கள். முன்னால் இழுத்தால் நாயின் உடம்பு தானாகவே பின்னால் தள்ளும். அது பிடிவாதம் இல்லை, நம்மை யாராவது பின்னாலிருந்து தள்ளினால் நாம் காலை ஊன்றுவோமே, அதேதான். துறுதுறு குட்டி கத்தி, சுழன்று, கடைசியில் நடந்துவிடும். சாதுக் குட்டி "நீ இழுத்துக்கொண்டே இரு" என்று படுத்துவிடும், அதற்கு அவசரம் எதுவும் இல்லை.

கொஞ்சம் பின்னால் போய் ஆரம்பிக்கலாம். இரண்டு மூன்று நாள் பட்டை மட்டும். சாப்பாடு வைப்பதற்கு முன் மாட்டி, சாப்பிட்டு முடித்ததும் கழற்றுங்கள். அப்புறம் பட்டையில் ஒரு முழக் கயிறு தொங்கட்டும், அதை இழுத்துக்கொண்டே வீட்டுக்குள் சுற்றட்டும். நீங்கள் பக்கத்திலேயே இருங்கள், கட்டில் காலில் சிக்கிக்கொண்டால் பயந்துவிடும். கயிற்றையே கடித்து விளையாடினால் கவனத்தை வேறு பக்கம் திருப்புங்கள், ஆனால் திட்டாதீர்கள்.

அடுத்தது, கயிற்றின் நுனியைக் கையில் எடுங்கள். எடுத்துவிட்டுக் குட்டி போகும் இடத்துக்கு நீங்கள் போங்கள், அது கூட்டிப் போகட்டும். பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கும். கையில் கயிறு இருப்பது சாதாரண விஷயம் என்று அதற்குத் தெரிந்த பிறகு, நீங்கள் இரண்டடி முன்னால் போய்க் குனிந்து, பக்கவாட்டில் திரும்பி உட்காருங்கள். நேருக்கு நேர் முகம் பார்த்து உட்கார்ந்தால் சில குட்டிகள் அப்படியே நின்றுவிடும். பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். வந்தால் ஒரு துண்டு ஈரல். இரண்டடி நாலடி ஆகட்டும், நாலடி எட்டடி ஆகட்டும்.

நடுவில் படுத்துவிட்டால் நில்லுங்கள். கயிற்றைத் தளர்த்துங்கள், எங்கோ பாருங்கள், கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள். எழவில்லை என்றால் முன்னால் இழுக்காமல் பக்கவாட்டில் ஒரு எட்டு வைத்து, கயிற்றில் மிக லேசான அழுத்தம் கொடுங்கள். பக்கவாட்டில் அழுத்தம் வந்தால் சமநிலைக்காகக் குட்டி ஒரு காலை நகர்த்தியாக வேண்டும். அது காலை நகர்த்திய அதே நொடியில் கயிறு தளர வேண்டும், வாயிலிருந்து "சபாஷ்" வர வேண்டும். நகர்ந்தால் அழுத்தம் போய்விடும் என்று அது புரிந்துகொள்வதுதான் மொத்தப் பாடமும். நீங்கள் அரை நொடி தாமதமாகத் தளர்த்தினால் பாடம் மாறிவிடும், அதனால் கவனம் உங்கள் கையில் இருக்கட்டும்.

தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவதை மட்டும் செய்யாதீர்கள். சாதுக் குட்டி முட்டாள் இல்லை. படுத்தால் தூக்கிக்கொள்வார்கள் என்று ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால் அப்புறம் தினமும் சவாரிதான்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்?

இரண்டு மூன்று நிமிடம், நாளுக்கு இரண்டு முறை. மூன்று மாதக் குட்டிக்கு இதுவே போதும். ஆறு மாதத்தில் ஐந்து நிமிடம். நன்றாக நடக்கிறதே, இன்னும் ஒரு சுற்று போகலாமே என்று தோன்றும் இடத்தில் நிறுத்துங்கள். அந்த "இன்னும் ஒரு சுற்று"தான் மறுநாள் குட்டியைப் படுக்க வைக்கிறது.

என்ன தீனி கொடுப்பது? தீனியிலும் ஆர்வம் இல்லை என்றால்?

லாப்ரடாருக்குத் தீனியில் ஆர்வமில்லை என்றால் ஒன்று வயிறு நிறைந்திருக்கிறது, இல்லை நான் மேலே சொன்ன மாதிரி உடம்பு சரியில்லை. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் பழக்குங்கள், சாப்பிட்ட பிறகு வேண்டாம்.

கோழி ஈரலை உப்புப் போடாமல் வேகவைத்து, சின்னச் சின்னதாக நறுக்கி, தவாவில் ஈரம் போகப் புரட்டி எடுத்தால் கையில் ஒட்டாது, பாக்கெட்டிலும் வைக்கலாம். துண்டு அரைக் கொண்டைக்கடலை அளவு இருந்தால் போதும். பெரிய துண்டு கொடுத்தால் மென்று முடிக்கும்வரை நடை நிற்கும். ஈரல் அதிகமானால் வயிறு இளகும், அதனால் வேகவைத்த கோழிக்கறியோடு கலந்து மாற்றி மாற்றிக் கொடுங்கள். சைவ வீடு என்றால் பனீர். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் எதுவும் வேண்டாம், அவை நாய்க்கு விஷம்.

தீனிக்கு எழாத குட்டி பொம்மைக்கு எழலாம். கீச்சென்று சத்தம் போடும் பொம்மையை வீட்டில் சும்மா போட்டு வைக்காதீர்கள். பழக்கும்போது மட்டும் எடுங்கள், முடிந்ததும் பீரோவுக்குள் வையுங்கள். ரிங்கில் மட்டும் அதைக் கீச்கீச்சென்று அடிக்காதீர்கள், பக்கத்து நாயின் கவனம் போகும், அதன் ஆட்கள் உங்களை முறைப்பார்கள், அது நியாயமும்கூட.

நடக்கிறது, ஆனால் எனக்குப் பின்னாலேயே தேர் மாதிரி வருகிறது. பக்கத்தில் வர வைப்பது எப்படி?

பெரும்பாலும் ஆள் மெதுவாக நடப்பதால் வரும் பிரச்சினை இது. குட்டி சாதுவாயிற்றே என்று நீங்களும் மெதுவாக நடக்கிறீர்கள், நீங்கள் மெதுவாக நடப்பதால் அது இன்னும் மெதுவாக வருகிறது. பத்தடி தூரம் மட்டும் வேகமாக, உற்சாகமாக, கொஞ்சம் ஓட்டமாகப் போங்கள். பத்தடி முடிவில் தீனி, விளையாட்டு, கொண்டாட்டம். திரும்ப ஒரு பத்தடி. முடிந்தது.

தீனியை மூக்குக்கு முன்னால் நீட்டிக்கொண்டே நடப்பது வேண்டாம். குட்டி தலையைத் திருப்பி உங்கள் கையையே பார்த்துக்கொண்டு கோணலாக நடக்கப் பழகிவிடும், ரிங்கில் ஜட்ஜுக்கு முன்கால் வளைந்து தெரியும். நடந்து முடித்த பிறகு தீனி. இன்னொரு வழியும் உண்டு: வீட்டில் ஒருவர் எதிர்ப்பக்கம் தட்டோடு நிற்கட்டும், குட்டி அவரை நோக்கி நேராக நடக்கும்.

ரிங்கில் அப்படி என்ன நடை கேட்கிறார்கள்?

நாய் எப்போதும் உங்கள் இடது பக்கம். கூட்டமாகச் சுற்றும்போது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை, அப்போது நாய் வட்டத்தின் உள்பக்கம் ஜட்ஜ் கண்ணில் படும்படி வரும். தனியாக நடக்கும்போது நேர்கோட்டில் போய்த் திரும்பி வரச் சொல்வார், இல்லை முக்கோணமாக. போகும்போது பின்கால் நேராகப் போகிறதா என்று பார்க்கிறார், வரும்போது முன்கால், பக்கவாட்டில் போகும்போது எட்டு எவ்வளவு நீளம், முதுகு அசையாமல் மட்டமாக இருக்கிறதா என்று. ஜட்ஜுக்கும் நாய்க்கும் நடுவில் நீங்கள் வரக் கூடாது. திரும்பி வந்து ஜட்ஜின் காலடியில் போய் நிற்காமல் இரண்டு மூன்று எட்டு முன்னாலேயே நிறுத்துங்கள்.

லாப்ரடாரைத் தளர்ந்த லீடில் நடத்துவதுதான் அழகு. லீடை மேலே இறுக்கிப் பிடித்தால் முன்பாகம் தூக்கிக்கொண்டு கால் தரையைச் சரியாகத் தொடாது. மீதி லீடைக் கைக்குள் சுருட்டிக்கொள்ளுங்கள், தொங்கவிட வேண்டாம்.

எங்கள் குட்டி ஒரே பக்கத்துக் கால்களைச் சேர்த்து வைத்து ஆடி ஆடி நடக்கிறது. இது சரியா?

இதை நீங்களே கவனித்திருந்தால் உங்களுக்குப் பாராட்டு, பலர் கவனிப்பதே இல்லை. ரிங்கில் வேண்டிய நடை ட்ராட். அதில் இடது முன்காலும் வலது பின்காலும் ஒன்றாக நகரும், அப்புறம் மற்ற ஜோடி. நீங்கள் சொல்வது பேசிங். இரண்டு இடது காலும் ஒன்றாக, இரண்டு வலது காலும் ஒன்றாக, உடம்பு படகு மாதிரி இரண்டு பக்கமும் ஆடும். ஒட்டகத்தின் நடையில் இதைப் பார்க்கலாம்.

சாதுக் குட்டிகளிடம் இது அதிகம் தெரியும், காரணம் எளிது. வேக நடைக்கும் ஓட்டத்துக்கும் நடுவில் இருக்கும் மந்தமான வேகத்தில், கொஞ்சம் களைப்பாகவும் இருந்தால், நாய்க்குப் பேசிங்தான் சிரமமில்லாத வழி. எடை கூடினாலும் வரும். சில குட்டிகளுக்கு வளரும்போது முன்னும் பின்னும் உயரம் மாறி மாறி ஏறும், அந்த மாதங்களில் வந்துவிட்டுத் தானே போய்விடும்.

சரி செய்ய முதல் வழி வேகம். நின்ற இடத்திலிருந்து மெதுவாக ஆரம்பித்துப் படிப்படியாக வேகம் கூட்டினால் நடுவில் பேசிங்குக்குள் விழுந்துவிடும், அதனால் இரண்டு எட்டு நடந்ததும் சட்டென்று வேகத்துக்குப் போய்விடுங்கள். இரண்டாவது, கிளம்பும்போது சின்னதாக ஒரு வட்டம் போட்டு அதிலிருந்து நேர்கோட்டுக்கு வாருங்கள். வளைவில் ஒரே பக்கத்துக் கால்களைச் சேர்த்து வைப்பது கஷ்டம், தானாக ட்ராட் வரும். மூன்றாவது, நடுவில் பேசிங் வந்துவிட்டால் லீடைக் குட்டியின் தலைப்பக்கம் லேசாக மேலே தொட்டு எடுங்கள், ஒரு தாளம் தவறி மாறும். இழுக்க வேண்டாம், தொட்டு எடுப்பது மட்டும். மாறிய உடனே பாராட்டுங்கள்.

யாரையாவது பக்கவாட்டில் நின்று போனில் வீடியோ எடுக்கச் சொல்லி, மெதுவாக ஓட்டிப் பாருங்கள். மேலிருந்து பார்க்கும் உங்களுக்குத் தெரியாதது அதில் தெரியும். உங்கள் எந்த வேகத்தில் குட்டி அழகாகப் போகிறது என்று கண்டுபிடித்து, அந்த வேகத்தை உங்கள் கால் மறக்காதபடி பழகுங்கள். சொல்லப்போனால் இந்தப் பயிற்சி குட்டிக்கு இருப்பதைவிட உங்களுக்குத்தான் அதிகம்.

நின்றதும் உட்கார்ந்துவிடுகிறது. உட்கார்ந்ததும் படுத்துவிடுகிறது.

யாரோ அதற்கு "சிட்" சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்! ஷோ குட்டிக்கு உட்காரக் கற்றுக்கொடுக்கவே கூடாது என்று சிலர் சொல்வார்கள், நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். ஆனால் முதலில் "நில்" வரட்டும், "உட்கார்" பிறகு வரட்டும். நிற்கும்போது மட்டும் தீனி கிடைக்கும் என்று இருந்தால் அது நிற்கும்.

தீனியை மூக்கு மட்டத்திலோ ஒரு விரல் கீழேயோ பிடியுங்கள். மேலே தூக்கினால் தலை மேலே போய்ப் பின்பக்கம் தரையில் உட்காரும். உட்கார்ந்துவிட்டால் பின்பக்கத்தைப் பிடித்துத் தூக்காதீர்கள், ஒரு எட்டு முன்னால் நகருங்கள், எழுந்து வரும், நின்ற நொடியில் கொடுங்கள். முதலில் இரண்டு நொடி நின்றால் போதும். அப்புறம் ஐந்து, பத்து. முன்கால் இரண்டும் தோளுக்குக் கீழே நேராக, பின்னங்காலின் கணுவிலிருந்து பாதம் வரை தரைக்குச் செங்குத்தாக இருந்தால் நல்ல நிலை. லாப்ரடாரைக் கையால் பிடித்து அமைப்பதைவிட நடந்து வந்து தானாக நிற்கப் பழக்குவது பார்க்க நன்றாக இருக்கும்.

வீட்டில் தாத்தாதான் தினமும் வாக்கிங் கூட்டிப் போகிறார். அவர் இஷ்டத்துக்கு நிற்கிறார், பேசுகிறார், குட்டி மோந்து பார்த்துக்கொண்டே போகிறது. பழக்கம் கெடாதா?

கெடாது, தாத்தாவை விட்டுவிடுங்கள். தாத்தாவோடு போவது வாக்கிங். அதற்கு மார்பில் மாட்டும் ஹார்னஸோ சாதாரணப் பட்டையோ போடுங்கள். உங்களோடு ஷோ லீடில் போவது வேலை. இரண்டும் வேறு என்று குட்டி வெகு சீக்கிரம் பிரித்துக்கொள்ளும். மோந்து பார்த்துக்கொண்டு நடப்பது அதன் மூளைக்கு நல்லதும்கூட. தாத்தாவிடம் ஒரே ஒரு வேண்டுகோள் வையுங்கள்: நண்பரைப் பார்த்து நிற்கும்போதெல்லாம் "உட்காரு" என்று சொல்ல வேண்டாம்.

ஸ்டாமினா வர ஸ்கூட்டரில் கட்டி ஓட்டலாமா?

கூடாது. எலும்பின் வளரும் பகுதி மூடாத குட்டியைத் தார் ரோட்டில் ஓட வைத்தால் மூட்டு போகும். லாப்ரடாருக்கு ஒரு வயது தாண்டும்வரை கட்டாய ஓட்டம் வேண்டாம், அதற்குப் பிறகும் ஸ்கூட்டர் வேண்டாம்.

வெயில் காலத்தில் எப்போது பழக்குவது?

காலையில் சூரியன் ஏறும் முன், இல்லை இரவு. மாலை ஐந்து மணித் தரை இன்னும் சுடும். புறங்கையைத் தரையில் வைத்து ஏழு எண்ணுங்கள், எடுக்கத் தோன்றினால் குட்டிக்கும் அப்படித்தான். சென்னை மே மாதத்தில் குட்டி நடக்க மறுக்கிறது என்றால் அது சாதுத்தனம் இல்லை, அறிவு. ஹாலில் ஃபேனுக்குக் கீழே பத்தடி நடந்தால் போதும். பளபளப்பான டைல்ஸ் தரை மட்டும் வழுக்கும், ஒரு பாயோ ரப்பர் விரிப்போ போட்டுக்கொள்ளுங்கள்.

பல் பார்க்க, உடம்பைத் தொட விடுமா? எப்படிப் பழக்குவது?

சாதுக் குட்டி இதில் உங்களுக்குப் பெருமை சேர்க்கும். வருகிற விருந்தினர் எல்லோரையும் தலையிலிருந்து வால்வரை தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். ஜட்ஜ் பல் கடி, அதாவது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் எப்படிச் சேர்கின்றன என்று பார்ப்பார், தோள், விலா, தொடை தொட்டுப் பார்ப்பார், ஆண் குட்டி என்றால் விரை இரண்டும் இறங்கியிருக்கிறதா என்றும் பார்ப்பார். உதட்டைப் பக்கவாட்டில் லேசாகத் தூக்கி முன்பல்லைக் காட்டப் பழக்குங்கள், வாயைப் பிளக்க வேண்டாம். நான்கு முதல் ஆறு மாதம் வரை பால் பல் விழுந்து புதுப் பல் வரும் காலம், ஈறு வலிக்கும். அப்போது பல் பார்ப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள். தாடையில் வலி இருக்கும் நாட்களில் லீட் மாட்டுவதையே சில குட்டிகள் வெறுக்கும், ஒரு வாரம் விட்டுப் பிடித்தால் ஒன்றும் கெட்டுவிடாது.

வீட்டில் அருமையாக நடக்கிறது, வெளியே போனால் மறந்துவிடுகிறது.

மறக்கவில்லை. வீட்டு ஹாலில் நடக்கக் கற்றது, அவ்வளவுதான். மைதானத்தில் நடப்பது அதற்கு வேறு பாடம். முதலில் வாசல், அப்புறம் தெருமுனை, பள்ளி மைதானம், கடைசியில் நாய்கள் இருக்கும் இடம். ஒவ்வொரு புது இடத்திலும் எதிர்பார்ப்பைப் பாதியாகக் குறையுங்கள். புல், மணல், சிமெண்ட், கயிற்றுப் பாய் எல்லாவற்றிலும் நடக்கட்டும். உங்கள் ஊரில் ஷோக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை கூடிப் பழகுகிறார்கள் என்றால் போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள். பின்னால் ஒரு நாய் நெருங்கி வரும்போதும் தன் வேகத்தில் நடக்க அங்கேதான் பழக முடியும்.

சிப்பிப்பாறை, ராஜபாளையம் குட்டிக்கும் இதே வழியா?

கயிறு பழக்கும் விதம் அதேதான், மனசு வேறு. வேட்டை நாய்கள் வீட்டில் நாள் முழுக்கச் சுருண்டு தூங்கும், அதைப் பார்த்து சாது என்று ஏமாந்துவிடாதீர்கள். ஒரு பூனை குறுக்கே ஓடினால் தெரியும். லாப்ரடார் தீனிக்காக எதையும் மன்னிக்கும், இவை மன்னிக்காது. ஒரு முறை முரட்டுத்தனமாக இழுத்தால் பல வாரம் நினைவில் வைத்திருக்கும். முன்பின் தெரியாதவர் தொடுவதை இயல்பிலேயே விரும்பாது, அதனால் அந்தப் பழக்கத்தை மிகச் சின்ன வயதிலேயே, பொறுமையாகச் செய்ய வேண்டும். 2005ல் தபால் தலையில் ஏறிய இனம் ராஜபாளையம், ஆனால் நன்றாகப் பழக்கிய ராஜபாளையத்தை ரிங்கில் பார்ப்பது இன்னும் அபூர்வமாகத்தான் இருக்கிறது. யாராவது இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு ஒன்றைக் கொண்டுவந்தால் எனக்குச் சந்தோஷம்.

ஹேண்ட்லரிடம் கொடுத்துவிடலாமா?

ஹேண்ட்லர் என்றால் உங்களுக்குப் பதிலாக ரிங்கில் நாயை நடத்திக் காட்டுபவர். கொடுக்கலாம், தப்பில்லை. நல்ல ஹேண்ட்லர் குட்டியின் குறையை மறைத்து நிறையைக் காட்டுவார். ஆனால் சாதுக் குட்டிகள் தங்கள் ஆளுக்காகத்தான் எழுகின்றன, புது ஆள் கையில் இன்னும் அடங்கிப்போகும். கொடுப்பதாக இருந்தால் ஷோவன்று காலையில் லீடைக் கையில் கொடுக்காமல், சில வாரம் முன்பிருந்தே அவரோடு பழக விடுங்கள். ஷோவில் குட்டிகளுக்கென்று இருக்கும் போட்டிப் பிரிவான குட்டி வகுப்பில் நீங்களே நடத்துங்கள் என்பது என் கருத்து. அங்கே எல்லாக் குட்டியும் ஏதாவது கூத்து செய்யும், உங்கள் பதற்றத்தை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

ஷோ நாளில் என்ன செய்வது?

முந்தின நாள் நீண்ட பயிற்சி வேண்டாம், ஒன்றுமே செய்யாவிட்டாலும் சரி. காலையில் சாப்பாடு குறைவாக, வண்டியில் வாந்தி எடுக்கும் குட்டி என்றால் இன்னும் குறைவாக. பதிவுச் சான்றிதழை எடுத்துக்கொள்ளுங்கள், மைக்ரோசிப்பை முன்கூட்டியே டாக்டரிடம் ஸ்கேன் செய்து எண் சரியா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வகுப்புக்கான வயதும் ஷோ அறிவிப்பில் இருக்கும், நுழைவு அனுப்பும் முன் பிறந்த தேதியோடு ஒப்பிட்டுவிடுங்கள்.

சீக்கிரம் போய் நிழலில் இடம் பிடியுங்கள். குட்டி கூண்டில் தூங்கட்டும். வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் காட்டிக் காட்டி அதன் தெம்பைத் தீர்த்துவிடாதீர்கள், சாதுக் குட்டிக்குத் தெம்பு கொஞ்சம்தான், அதை ரிங்குக்கு வைத்துக்கொள்ள வேண்டும். ஊட்டியில் மே மாதம் நடக்கும் ஷோவுக்குச் சமவெளியிலிருந்து போகிறவர்கள் மலைப்பாதை வளைவுகளில் குட்டியின் வயிறு கலங்கும் என்பதால் முந்தின நாளே போய்விடுவது நல்லது. குளிரில் லாப்ரடார் திடீரென்று துள்ளும், உங்களுக்கே இது நம் குட்டியா என்று தோன்றும்.

உங்கள் எண் கூப்பிடுவதற்குப் பத்து நிமிடம் முன் எழுப்பி, சிறுநீர் கழிக்க விட்டு, தண்ணீர் ஒரு வாய் கொடுத்து, ஷோ லீடை மாட்டுங்கள். ஒரு பத்தடி ஓட்டம், ஒரு துண்டு ஈரல், பீரோவில் பூட்டி வைத்திருந்த பொம்மையை ஒரு கணம் காட்டி மறுபடி பையில் போடுங்கள். உள்ளே போய் நடுவில் படுத்துவிட்டால் சிரித்துக்கொண்டே பக்கவாட்டில் ஒரு எட்டு வையுங்கள். குட்டி வகுப்பில் ஜட்ஜுகள் இதை நிறையப் பார்த்திருப்பார்கள், மறுபடி ஒரு முறை நடத்திக் காட்டுங்கள் என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். பரிசு ரிப்பன் வந்தாலும் வராவிட்டாலும் வெளியே வந்ததும் முதலில் லீடைக் கழற்றிவிட்டு அதற்குத் தண்ணீர் கொடுங்கள், போட்டோ அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்.